தொடங்குமுன் சில வினாக்கள்



வீடு கட்டினாலும், மகளுக்குத் திருமணம் பேசினாலும், கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு இறக்கினாலும், பங்கிலே ஒரு சமூகக் கூடம் எழுப்பினாலும், நம்மவர் முதலில் நாள் குறிக்கிறார்கள். அடுத்துப் பணத்திற்கு வழி தேடுகிறார்கள். "இதில் எது தவறக்கூடும்?" என்று கேட்பவரை, அபசகுனம் பேசுகிறார் என்று அடக்கிவிடுகிறார்கள். அவ்வினாவை முறையாகக் கேட்பதையே திட்ட மேலாண்மை கற்பிப்போர் 'இடர் அறிதல்' எனப் பெயரிட்டுப் பயிற்றுவிக்கின்றனர்.

அதன் அருமையை உணர நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூருக்கும் கடலூர் மாவட்டத்து எனதிரிமங்கலத்துக்கும் இடையே, தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த தடுப்பணை 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2021 சனவரியில் எனதிரிமங்கலம் பக்கம் உடைந்து, தேங்கிய நீர் வீணே ஓடிற்று. அவ்வாண்டு நவம்பர் வெள்ளத்தில் சேதம் பெருகவே, அணையின் பகுதியை வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது.

யார்மீது குற்றம் என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஆற்றை மறித்து நிற்கும் சுவருக்கு, அது மண்கரையோடு சேரும் ஓரமே பெரும்பாலும் ஆபத்தான இடம். நீர் அவ்விடத்தை அரித்துச் சுற்றிக்கொண்டு போய்விடும். நம் குடும்பக் காரியங்களும் இத்தகையனவே. வீட்டுச் சுவர் உறுதியாயிருக்கும். மனைப் பத்திரத்தில் வில்லங்கம் இருக்கும். மணமகன் குணவானாயிருப்பார், திருமணக் கடனுக்கு வட்டி கட்ட வழியிராது.

இடரை முன்னறிய வழிகள் சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பழைய அனுபவத்தைக் கேட்டறிதல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. இப்பக்கத்தில் மனை வாங்குவோர், அன்று அங்கே நீர் எதுவரை நின்றது என்று அயலாரைக் கேட்பாராக. மனை விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது, வகை பிரித்து எழுதுதல். பணம், நிலம், பருவமழை, வேலையாள், அரசு அனுமதி, வீட்டாரின் உடல்நலம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் நேரக்கூடியதை எழுத வேண்டும். பொதுவாகக் கவலைப்படுகிறவனுக்குத் தோன்றாதவை இப்படி எழுதுகிறவனுக்குத் தோன்றும்.

மூன்றாவது, அமெரிக்க உளவியலறிஞர் கேரி கிளைன் 2007-இல் எழுதிப் பரப்பிய முறை. "ஓராண்டு கழிந்தது, நம் திட்டம் முற்றும் தோற்றுவிட்டது. காரணம் என்ன?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதச் செய்வது. பெரியவரை எதிர்த்துப் பேச அஞ்சும் மருமகளும் இளைய மகனும், தோல்வி நேர்ந்துவிட்டதாகவே வைத்துக் கேட்கும்போது, அஞ்சாமல் எழுதுவார்கள்.

நான்காவது, மறுத்துப் பேசவே ஒருவரை நியமித்தல். இது திருச்சபைக்குப் பழகிய வழி. புனிதர் பட்ட விசாரணையில் எதிர்வாதம் புரியும் அலுவலரை மக்கள் 'சாத்தானின் வழக்கறிஞர்' என்று வேடிக்கையாக அழைத்தனர். அப்பதவியைத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587-இல் ஏற்படுத்தினார் என்பர். 1983-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் விசாரணை முறையையே மாற்றியமைத்தார். எதிர்த்துப் பேசுவது ஒருவருடைய கடமையாகிவிட்டால், அவரைப் பகைவராக எவரும் எண்ணார். பங்குப் பேரவைகள் இதைக் கவனிக்க.

ஐந்தாவது, ஒவ்வோர் இடருக்கும் அபாய அளவு குறித்தல். 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அளவு முன்னரே குறிக்கப்பட்டிருந்தமையால், வெள்ளத்தின் நடுவே வாதிட வேண்டியிருக்கவில்லை. அவ்வாறே, "கடன் இத்தொகையைத் தாண்டினால் மாடி கட்டுவதை நிறுத்துவோம்" என்று அடித்தளம் போடுமுன்னரே வீட்டார் முடிவு செய்யட்டும். பாதிச் சுவர் எழுந்தபின் அம்முடிவை எடுக்க மனம் இடம் தராது.

இவ்வாறு ஆராய்வது அவநம்பிக்கையாகாது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவரே உவமை கூறியிருக்கிறார். அடுத்த காரியத்துக்கு நாள் குறிக்குமுன், ஒரு மாலை செபம் முடிந்தபின், ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு வீட்டார் அனைவரும் சேர்ந்து உட்காருங்கள். சிறு பிள்ளைகளையும் கேளுங்கள்.