பத்துக்குப் பத்து எடுத்தவரின் அறியாமை

'உங்கள் பொது விஞ்ஞான அறிவைச் சோதித்துக்கொள்ளுங்கள்' என்ற தலைப்பை எங்கு கண்டாலும் எனக்கு உள்ளூர ஒரு கூச்சம் எழுவதுண்டு. வாரப் பதிப்பின் மூலையில் ஆறு அங்குல இடம் வெறுமையாய்க் கிடந்தால், அதனை நிரப்ப நாம் கைக்கொண்ட வழி அதுதான். கலைப் பட்டதாரியான நானே எத்தனையோ கிழமைகள் அத்தகைய பத்து வினாக்களைத் தொகுத்திருக்கிறேன். விடைகள் ஒரு பழைய நூலிலிருந்து வந்தன. அந்நூலுக்கு அதனினும் பழையதொரு நூலிலிருந்து வந்திருக்கும். சரிபார்த்தவர் எவருமில்லை. 'எட்டுக்கு மேல் எடுத்தால் நீங்கள் மேதை' என்று கீழே ஒரு வரி சேர்க்க மட்டும் நான் தவறியதில்லை.

அவற்றுள் ஒன்று இது: சந்திரனிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் மனித ஆக்கம் எது? 'சீனப் பெருஞ்சுவர்' என்று விடை அச்சிட்டோம். சுவரின் அகலம் பத்து மீற்றர் என்று தாராளமாகக் கொண்டாலும், 384,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அதனைக் காண்பது, ஒரு தலைமயிரை இரண்டு கிலோமீற்றருக்கும் அப்பால் நின்று காண்பதற்கு ஒப்பாகும். 2003 இல் விண்வெளிக்குச் சென்ற முதற் சீனரான யாங் லிவெய், பூமிக்கு அண்மையான சுற்றுப்பாதையிலிருந்தே அச்சுவரைத் தாம் காணவில்லை என்று கூறினார். அவர் போய்வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வகுத்தற் கணக்கே போதும். அதை நாம் செய்யவில்லை.

கோள்கள் எத்தனை என்ற வினாவுக்கு ஒன்பது என்றோம். 2006 ஓகஸ்டில் புளூட்டோ அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் எட்டு என்று திருத்தினோம். புளூட்டோவையொத்த பருமனுள்ள ஏரிஸ் 2005 இல் அறிவிக்கப்பட்டமையால் 'கோள் என்றால் என்ன' என்பதையே அறிஞர்கள் விவாதிக்க நேர்ந்தது. சுவையும் பயனும் அந்த விவாதத்திலேதான் இருந்தன. எண்ணை மாத்திரம் மாற்றிவிட்டு விவாதத்தை வெளியே விட்டோம்.

பிழையான விடைகள் சிறிய குற்றம். பெயரைச் சொல்லத் தெரிந்தால் பொருளும் தெரியும் என்று வாசகரை நம்பவைத்ததே பெரிய குற்றம். 'சுனாமி எம்மொழிச் சொல்?' என்று கேட்டு, ஜப்பானிய மொழி, துறைமுக அலை என்று பொருள் என விடை எழுதிவிட்டால், எமது கடமை முடிந்தது.

2004 டிசெம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பெயர்ந்தது. ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் விரைந்த அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாய்லாந்தின் புக்கெற் கடற்கரையிலோ, கடலின் மாற்றத்தைக் கண்டு சுனாமி வருகிறதென்று உணர்ந்தவள் ரில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி. சில நாள்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றது அவளுக்கு உதவிற்று. அந்தக் கடற்கரையிலிருந்தோர் உயிர் தப்பினர்.

அதன் பின் எமது வினாத்தொகுப்புகளில் 'சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும்' என்ற விடை சேர்ந்தது. அது பாதி உண்மை. பாதி உண்மையும் உயிரைக் குடிக்கும். பெயர்ச்சியின் கிழக்குப் பக்கத்திற் கடலடி தாழ்ந்தது. மேற்குப் பக்கத்தில் உயர்ந்தது. ஆதலால் தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. மேற்கேயுள்ள எமக்கு நீர் முதலில் ஏறியே வந்தது. தென் கரையிலுள்ள பெரலியவில் முதல் அலை புகையிரதத்தை மறித்தது. அதுவே பாதுகாப்பான இடமென்று ஊர்மக்களும் அதில் ஏறினர். அடுத்து வந்த பேரலை அதனைப் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுனாமி ஓர் அலையன்று, அலைகளின் தொடர். முதலாவதே பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. மாண்டவர்களை நான் குறைகூறவில்லை. இதனைச் சொல்லவேண்டிய இடத்திலிருந்து சொல்லாதுவிட்ட எம்மையே கூறுகிறேன்.

நிலநடுக்க மையத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமலூ தீவில் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தனர். இறந்தோர் ஏழு பேர். 1907 இல் வந்த பேரலையின் நினைவை 'ஸ்மொங்' என்ற சொல்லால் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மக்கள் அவர்கள். நிலம் பலமாக அதிர்ந்தாற் குன்றுக்கு ஓடு என்பதே அச்சொல்லின் போதனை. எமது பத்து வினாக்களை அவர்களிடம் கொடுத்திருந்தால் இரண்டு புள்ளி கிடைத்திருக்குமோ என்னவோ!

'பிள்ளைகளுக்கு இவ்வாறாவது ஆர்வம் பிறக்கிறதே' என்பர் நண்பர்கள். பிறக்கட்டும், நான் வினாவுக்குப் பகைவனல்லன். சுவர் தெரியுமா என்று கேட்பதோடு நில்லாமல், தெரியுமா தெரியாதா என்று கணித்துக் காட்டும்படி கேளுங்கள். சுனாமி எம்மொழிச் சொல் என்று கேட்பதை விடுத்து, நீர் வடிந்த பின் கரைக்குத் திரும்பலாமா, ஏன் என்று கேளுங்கள். விடைக்கு ஒரு சொல் போதாது. ஆறு அங்குலமும் போதாது. பத்திரிகையில் இடம் இல்லையென்று மட்டும் சொல்லாதீர்கள். சோதிடத்துக்கு எத்தனை பத்திகள் ஒதுக்கினோம் என்பதை நான் அறிவேன்.

வாசகர்களே, அடுத்த முறை இத்தகைய சோதனை கைக்கு வந்தால், விடையைப் புரட்டிப் பார்க்குமுன் 'இது எவ்வாறு தெரியவந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு இடமில்லாத வினாத்தாளெனில், அதைத் தயாரித்தவருக்குப் பூச்சியம் போடுங்கள். எனக்குரிய பூச்சியத்தை நான் முன்னரே போட்டுக்கொண்டுவிட்டேன்.