ஆளில்லா அறைக்கு ஏன் இத்தனை காற்று?

பல்கலைக் கழக ஆராய்ச்சிக் கூடத்து மின்சாரச் செலவைப் பற்றித் தொழிலாளிக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். மின்சாரத்தை உண்டாக்குபவன் தொழிலாளி. அதற்குக் கட்டணம் கட்டுபவனும் அவனே. அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பவனும், இராக்காவல் நிற்பவனும் தொழிலாளிதான். கோளாறு நேர்ந்தால் முதற்பழி விழுவது அவன் தலையில்! கவலைப்படாமல் இருப்பது எப்படி?

அமெரிக்க நாட்டுச் சங்கதியைப் பாருங்கள், தோழர்களே. அங்கே ஆராய்ச்சிக் கூடம் ஒன்று, அதே பரப்புள்ள அலுவலகக் கட்டடத்தைப் போலப் பல மடங்கு சக்தியை விழுங்குகிறது. விளக்கா காரணம்? அன்று, காற்று! இரசாயனம் கையாளும் அறையில் ஒரு முறை உலவிய காற்றை மறுபடி உள்ளே விடலாகாது. வெளிக்காற்றை இழுத்து, குளிரூட்டியோ சூடாக்கியோ உள்ளே அனுப்பி, அடுத்த சில நிமிடங்களில் அப்படியே கூரைக்கு மேலே துரத்திவிடுகிறார்கள். மணிக்கு ஆறு முறை, எட்டு முறை, பத்து முறைகூட. அறையில் ஆள் இருக்கும்போது சரி. நள்ளிரவு இரண்டு மணிக்கு, பூட்டிய அறைக்கும் அதே காற்று, அதே செலவு! நச்சுப்புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்று மட்டும் மூன்று வீடுகளுக்கு மேல் செலவாகும் சக்தியைத் தின்கிறது என்று லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக் கூடத்தார் கணக்குப் போட்டார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கதவைக் கீழே இறக்கினாலே கணிசமாக மிச்சம். மெத்தப் படித்தவர்களைக் கதவை இறக்க வைக்க ஹார்வர்டில் போட்டி வைத்துப் பரிசு கொடுக்க வேண்டியிருந்தது!

கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக் கழகத்தார் 2008-ல் வேறு வழி கண்டார்கள். அறைக் காற்றில் நச்சு உண்டா, உள்ளே ஆள் உண்டா என்று பார்த்துச் சொல்லும் சென்சார்களைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் வலைப்பின்னலில் இணைத்தார்கள். ஆள் இருந்தால் மணிக்கு நாலு முறை காற்று மாறும். இல்லையேல் இரண்டு முறை. நச்சு தட்டுப்பட்டால் விசிறி தானே வேகமெடுக்கும். விசிறியின் கணக்கு வேடிக்கையானது: காற்றோட்டத்தைப் பாதியாக்கினால், ஏட்டுக் கணக்குப்படி மின்சாரம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். நடைமுறையில் அவ்வளவு கிட்டாது, கிட்டுவதே பெரிது. மாற்றியமைத்த கட்டடங்களில் செலவு ஏறக்குறைய பாதியாயிற்று. 2020-க்குள் 20 சதவீதம் மிச்சம் பிடிப்போம் என்று சொன்னவர்கள், 2013-லேயே பிடித்துக் காட்டினார்கள்.

கருவி நல்லது, மறுக்கவில்லை. நம் வழக்கு கருவியோடு அல்ல.

நியூயார்க் மாநிலத்து ரென்சலேர் பாலிடெக்னிக்கில் 2020 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரியில் இருக்க வேண்டிய ஃப்ரீசர் ஒன்று பழுதாகி, ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது. பழுது பார்க்கும் ஆள் வரவில்லை. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். துப்புரவுத் தொழிலாளி ஒருவர், அணைந்து கிடக்கும் சுவிட்சைப் போடுவதாக எண்ணி, எரிந்துகொண்டிருந்ததை அணைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் குளிர் 32-க்கு ஏறிவிட்டது. இருபதாண்டு ஆராய்ச்சி பாழ் என்று சொல்லி, பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டு, 2023-ல் நிறுவனம் வழக்குப் போட்டது. துப்புரவுக் காண்ட்ராக்டர் தன் ஆளுக்குப் பயிற்சி தரவில்லை என்பது குற்றச்சாட்டு. சரிதான். ஆனால் உலகமே பேசியது யாரைப் பற்றி? துடைப்பம் பிடித்தவரைப் பற்றி!

குளிர் ஐந்து டிகிரி ஏறியதுமே ஆராய்ச்சியாளரின் படுக்கையறைத் தொலைபேசியை அடிக்கச் செய்யும் சென்சார், பேட்டரியில் ஓடுவது, கடையில் கிடைக்கிறது. அதே வலைப்பின்னலில் இணைந்த மீட்டர், ஃப்ரீசர் வழக்கத்துக்கு மேல் மின்சாரம் இழுப்பதைக் காட்டி, பழுது வருமுன்பே சொல்லும். பழைய ஃப்ரீசர் நாளொன்றுக்கு இருபது யூனிட் வரை குடிக்கும். 80-க்குப் பதில் 70-ல் வைத்தால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரும்பாலான மாதிரிகள் அங்கேயும் கெடுவதில்லை.

ஆயினும் ஒரு கேள்வி. அறையில் ஆள் உண்டா என்று விசிறிக்குச் சொல்லும் அதே சென்சார், பெருக்க வந்தவர் எத்தனை நிமிடம் நின்றார் என்று மேஸ்திரிக்கும் சொல்லுமே! காற்றுக்கு வைத்த கண், ஆளைக் கண்காணிக்கும் கண்ணாக மாற எத்தனை நாளாகும்? தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் இணையக் கருவிகளையும் 2016-ல் மிராய் என்ற நாசநிரல் பிடித்து ஆட்டியதையும் மறக்கவேண்டாம். விசிறியின் கடிவாளம் அந்நியன் கைக்குப் போனால், நச்சுக்காற்றைச் சுவாசிப்பது நிர்வாகியல்ல.

ஆகவே சென்சார் பொருத்துமுன், தொழிற்சங்கத்தோடு எழுத்தில் உடன்பாடு வேண்டும். சென்சார் சேர்க்கும் தகவலை வருகைப் பதிவுக்கோ தண்டனைக்கோ தொடக்கூடாது. சென்சார்களை முறையாகச் சரிபார்க்க நிரந்தர ஊழியர் வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் போதாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு இரவுப்பணி ஊழியரின் பயிற்சிக்குப் போகட்டும். ஃப்ரீசர் அலறினால் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணை, அவர் படிக்கும் மொழியில், ஃப்ரீசரின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அதற்கு எந்த சென்சாரும் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.