அலையாத்தி இலையை நாக்கில வச்சுப் பார்க்கட்டும்

வருஷா வருஷம் பள்ளிக்கூடச் சுற்றுலான்னா தீம் பார்க்குதான். வேண்டாம்னு சொல்லல. பக்கத்துல இருக்குற முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் ஒரு நாள் கூட்டிட்டுப் போகலாமே?

அலையாத்தி உப்புத் தண்ணியிலேயே வாழுற மரம். பெரும்பகுதி உப்பை வேரே தடுத்துடும். மீறி ஏறினதை இலை வெளியே தள்ளிடும். இலையை நாக்கில வச்சா கரிக்கும். சேத்துக்குள்ள காத்து இல்லாததால வேர் பென்சில் மாதிரி மேல நீட்டி மூச்சு வாங்கும். இதைப் பார்த்த பிள்ளைக்குப் பாடத்தை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

2018 கஜா புயல்ல இந்தக் காடும் அடி வாங்குச்சு. வருஷா வருஷம் ஒரே இடத்துல கயிறு கட்டி, எத்தனை கன்னு முளைச்சிருக்குன்னு பிள்ளைங்க எண்ணி எழுதட்டும். அதுவும் ஆராய்ச்சிதான்.

படகு, தண்ணின்னா ஆசிரியருங்க பயப்படுறது நியாயம். வனத்துறை அனுமதி, லைஃப் ஜாக்கெட், கூட நாலு பெத்தவங்க இருந்தா சமாளிக்கலாம். நான் வரத் தயார்.

கடைமடையில ஆத்துத் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணி உள்ள ஏறுது. நாளைக்கு இந்த உப்போட மல்லுக்கட்டப் போறது நம்ம பிள்ளைங்கதான். உப்பை ஜெயிச்ச மரத்தை அவங்க பார்க்க வேண்டாமா?