தறி ஏற்காத தாமரை

நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவனொருவன், கணினித் திரையில் அழகியதொரு தாமரையை வரைந்து, அதனை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, தன் ஊரிலுள்ள கைத்தறி நிலையத்துக்குச் சென்றான். தாயாரின் பிறந்தநாளுக்கு நெய்விக்கும் சேலையின் முந்தானையில் அப்பூ அமையவேண்டும் என்பது அவன் அவா. அங்கிருந்த மூத்த நெசவாளியான அம்மையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். “தம்பி, படம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இதை இப்பிடியே நெய்ய ஏலாது; நூல் தொங்கும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாடிய முகத்துடன் நம்மிடம் வந்தவன், “சேர், நூல் ஏன் தொங்கவேணும்?” என்று வினவினான்.

விடை கூற இயலாது நாம் விழித்தோம் என்பதை ஒளிப்பானேன்? கணிதம் கற்பிக்கும் நமக்கு நெசவு தெரியாது. அன்று மாலை இல்லத்திற் பட்டுச் சேலையொன்றைப் புரட்டிப் பார்த்த பின்னரே பொருள் விளங்கிற்று. வாசகரும் அவ்வாறு பார்க்கலாம். முன்புறத்திற் பூவும் கொடியுமாய்த் தோன்றும் சரிகை, பின்புறத்திற் பிணைப்பின்றி நீண்டு கிடக்கும். மோதிரத்திற் சிக்கி அறுந்துபோவது அதுவே.

ஓவியனுக்கு இதழ் என்பது ஒரு நிறப்பரப்பு. தறிக்கோ அவ்வாறன்று. பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வோரிடத்திலும் அது கேட்பது ஒரே வினா: பாவு மேலா, கீழா? இதழ் முழுவதையும் ஊடை நூலால் மூட விரும்பினால், அந்நூல் நாற்பது பாவிழைகளை ஒரே தாவாய்த் தாவித் தொங்கும். ஆதலின் இதழுக்குள்ளேயே இடையிடையே அதனைப் பிணைக்கவேண்டும். ஐந்து அல்லது எட்டு இழைக்கு ஒருமுறை, பிணைப்புகள் ஒன்றையொன்று தொடாதபடி சிதறவிட்டால், சாட்டின் துணியின் பளபளப்பு உண்டாகும். படிப்படியாய் நகர்த்திப் பிணைத்தாற் சாய்வான வரிகள் தோன்றும். இரண்டிலும் நூல் ஒன்றே; ஒளிதான் வேறு.

முன்னாளில் ஐரோப்பிய ஆலைகளில், ஓவியனின் படத்தைக் கட்டத்தாளிற் சதுரம் சதுரமாய் நிரப்பித் தறிக்கு ஏற்றதாய் மாற்றுவோர் தனியே இருந்தனர். லியோன் நகரத்து ஜாக்கார்ட் 1804ஆம் ஆண்டளவில் அமைத்த தறியில், கட்டத்தாளின் வரிசைகள் துளையட்டைகளாயின. துளையுள்ள இடத்திற் பாவிழை உயரும்; இல்லாதவிடத்து உயராது. 1839இல் அவருடைய உருவத்தைப் பட்டில் நெய்வதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன! நூலை உயர்த்தும் வேலையைத் தறி ஏற்றுக்கொண்டது. சதுரம் நிரப்பும் வேலை மனிதனிடமே எஞ்சிற்று.

அவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்த முன்னோடி, ஜானிஸ் லூரி என்னும் அமெரிக்கப் பெண்மணி. ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய இவர் ஓவியக்கலையிலும் ஈடுபாடுடையவர். 1960களில் இவர் ஆக்கிய முறையில், கலைஞர் ஒளிப்பேனாவினால் திரையில் உருவின் எல்லையை வரைவார்; எந்தப் பரப்புக்கு எந்தப் பிணைப்பு என்பதையும் தாமே குறிப்பார்; சதுரங்களை நிரப்புவது கணினி. 1968இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், பார்வையாளர் வரைந்தவை அங்கேயே துணியாக நெய்யப்பட்டன. 1970இல் இம்முறைக்கு ஆக்கவுரிமை கிடைத்தது, ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குப் பெற்ற முதலாவது ஆக்கவுரிமை இதுவென்பர்.

பிணைப்பைத் தெரிவுசெய்யும் உரிமையை இவர் கலைஞரிடமே விட்டமை நம்மைக் கவர்ந்தது. நம் மாணவன் கையாண்ட பொதுவான வரைதல் மென்பொருளில் அத்தெரிவுக்கு இடமேயில்லை. அது புள்ளிக்கு நிறம் தீட்டும், நூலை அறியாது. இன்றைய நெசவு மென்பொருள்களிற் சில, அளவுமீறித் தாவும் நூலைத் தனி நிறத்திற் காட்டி எச்சரிக்கின்றன. அதனை எழுதியவர் எவராயினும், ஒருநாளேனும் தறியருகே அமர்ந்திருப்பார் என்றே எண்ணுகிறோம். அமராது எழுதுவோரே மிகுதி என்பது நம் மனக்குறை.

இவற்றைக் கேட்ட மாணவன், இரு வாரத்திற் சிறியதொரு நிரலைத் தானே எழுதிவிட்டான். ஒன்றும் பூச்சியமுமாய்க் கட்டங்கள். ஏழிழைக்கு மேல் நூல் தாவினாற் சிவப்பு. அதனை அம்மையாரிடம் கொண்டு சென்றபோது நாமும் உடன் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, சிவப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துத் தலையசைத்தார். பின்னர், “இதிலை பின்பக்கம் எங்கை, தம்பி?” என்று கேட்டார்.

அதனை அவன் எழுதியிருக்கவில்லை. தாயாரின் பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.