முகம் சுளிக்கும் இணைய வகுப்புகள்

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) மார்க்கம் கற்க வந்தார்கள். குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் கடுகடுத்துத் திரும்பினார்கள். அதைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான 'அபஸ' இறங்கியது. கற்க வந்தவரைப் புறக்கணிக்கலாகாது என்பது அதன் பாடம்.

இன்று நம் கல்லூரிகள், "இணையவழி வகுப்பு இருக்கிறதே, மாற்றுத்திறனாளி மாணவர் வீட்டிலிருந்தே படிக்கட்டும்" என்கின்றன. எதைப் படிப்பது? ஸ்கேன் செய்து பதிவேற்றிய பக்கங்கள் வெறும் படங்கள். எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அவற்றில் ஓர் எழுத்தும் தென்படாது. செவித்திறனற்ற மாணவிக்கோ வசன வரிகளற்ற காணொலி! இதற்குப் பெயர் சலுகையா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இடத்தைக் கொடுத்துவிட்டுப் பாடத்தை எட்டாமல் வைப்பது அநீதி.

பெற்றோராகிய நாமும் தப்ப முடியாது. "வெளியே போனால் சிரமம்" என்று பிள்ளையை அறைக்குள் முடக்க இணைய வகுப்பைச் சாக்காக்குகிறோம். நபி (ஸல்) அவர்களோ அந்தத் தோழரைப் பாங்கு சொல்ல வைத்தார்கள். தாம் வெளியே சென்றபோது மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தார்கள்.

ஆகவே சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகிகளே, தட்டச்சு செய்த பாடமும் வசன வரியும் தேர்வில் கூடுதல் நேரமும் தர்மமல்ல, மாணவரின் ஹக்கு. ஹக்கைத் தடுத்தவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும்.