தாவாத முயல்

வீடியோ கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்க வந்தது என்று நம் வயதுக்காரர்கள் பலர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அதே நாம், திரையில் முயலோ எலியோ சிரித்தால், "பொம்மைப் படம்தானே, ஆடட்டும்" என்று பேரப்பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

டிவியில் பெட்டியை இணைத்து, கேசட்டைச் செருகி ஆடிய காலம் நினைவிருக்கும். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிவிட்டு மறுபடி செருகுவார்கள். அந்த வகையில் 1989-இல் ஜப்பானின் கெம்கோ நிறுவனம் வெளியிட்ட ஒரு கேம் 'பக்ஸ் பன்னி கிரேஸி கேசில்'. தொண்ணூறுகளின் கடைசியில் என் மகன் வேலூர் உறவுக்காரப் பையனிடம் அதை இரவல் வாங்கிவந்து, இங்கே ஜமுனாமரத்தூரில் ஆடினான்.

மொத்தம் 60 கட்டம். ஒவ்வொன்றிலும் 8 கேரட்டைப் பொறுக்க வேண்டும். பூனையும் வாத்தும் ஓநாயும் துரத்தும். வேடிக்கை என்னவென்றால், அந்த முயலுக்குத் தாவத் தெரியாது! படி ஏறலாம், குழாய்க்குள் நுழையலாம், இரும்புப் பெட்டியைத் தள்ளி எதிரி மேல் போடலாம், அவ்வளவுதான். எந்தப் படியில் ஏறினால் எவன் எதிரே வருவான் என்று நின்று யோசிக்காமல் நகரவே முடியாது. ஒரு கட்டம் முடிந்தால் திரையில் ஒரு ரகசியச் சொல் வரும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு டிவியை அணைக்கலாம். நாளைக்கு அங்கிருந்தே தொடரலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இதே கேம் ஜப்பானில் முதலில் ரோஜர் ராபிட் என்ற வேறொரு முயலை வைத்து வந்தது. அங்கேயே கையடக்கமான கேம்பாயில் மிக்கி மவுஸாக வந்தது. அமெரிக்காவில்தான் பக்ஸ் பன்னி. முகம் மூன்று, ஆட்டம் ஒன்று. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புளியங்கொட்டையை வைத்தாலும் கூழாங்கல்லை வைத்தாலும் ஆட்டம் மாறுகிறதா? அப்படித்தான் இதுவும்.

ஆகவே முகத்தைப் பார்த்து எடை போடாதீர்கள். இன்று போனில் வரும் பல கேம்களிலும் அழகழகான பொம்மைகள்தான். ஆனால் அவற்றுக்கு முடிவு கிடையாது. நடுவில் விளம்பரம் வரும். இன்னொரு உயிர் வேண்டுமானால் காசு கொடு என்று கேட்கும். நேற்று வராமல் போனால் இன்று நஷ்டம் என்று பயமுறுத்தும். சாமையும் புளியும் விற்றுச் சேர்த்த பணம் இருக்கும் வீட்டிலும் அதே போனில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். இந்த ஆட்டம் யோசிக்க விடுகிறதா? காசு கேட்கிறதா? போதும் என்று எழுந்தால் விடுகிறதா? முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் தாராளமாக ஆடட்டும். இல்லையென்றால், எத்தனை அழகான முயலாக இருந்தாலும் போனை வாங்கி வைத்துவிடுங்கள். "தாத்தா, வா ஒரு கை ஆடலாம்" என்று கூப்பிட்டால் நாம் எழுந்து போகவும் தயாராக இருக்க வேண்டும்.