நாய்க்கு மருந்து போட்டாச்சு, வீட்டுக்கு?



"குளிப்பாட்டி, பவுடரும் போட்டாச்சு சார். ஒரே வாரத்துல திரும்ப உண்ணி வந்துடுது!" நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். மருந்து போலியோ என்று சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் மருந்தில் குறையில்லை. நாய்க்கு வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

ரத்தம் குடித்து வீங்கிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிவிடும். சுவர் விரிசல், கதவிடுக்கு, கட்டிலின் அடி என்று புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பொரிந்து வரும் குஞ்சுகள் அதே நாயைத் தேடி வரும். காரை பெயர்ந்த பழைய சுவர்களும் நெருக்கமான வீடுகளும் நிறைந்த நம் சிந்தாதிரிப்பேட்டையில் அதற்கு இடத்துக்கா பஞ்சம்? சென்னைப் புழுக்கமும் வருஷம் முழுக்க அதற்கு ஒத்தாசை.

அதனால் நாய்க்கு மருந்து போடும் அன்றைக்கே அது படுக்கும் சாக்கையும் விரிப்பையும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்கள். விரிசலைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். காதின் உட்புறமும் விரலிடுக்கும் உண்ணிக்குப் பிடித்த இடங்கள். கையால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். உண்ணிக் கடியால் வரும் 'டிக் ஃபீவர்' நாயின் உயிரையே எடுத்துவிடும். சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனை அவசியம்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்றை அழுத்தியே சொல்கிறேன். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி அது.

வயிற்றுப் பூச்சி விஷயத்தில் என் கவலை குழந்தைகளைப் பற்றி. நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருளைப்புழு தொற்றிவிடும். அதன் முட்டை மண்ணில் கிடந்து, விளையாடும் பிள்ளையின் கைவழியே வாய்க்குப் போகும். அரிதாகக் கண்ணையும் பாதிக்கும். எனவே குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்தை ஆரம்பிக்க வேண்டும். வளர்ந்த பிறகு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த மாத்திரையை உடைத்துக் கொடுப்பது தப்பு.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்திவிடச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது தேவையில்லை. பூனை மலத்தை வேறொருவர் தினமும் அள்ளினால் போதும். அவர்கள் பயப்படும், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். மீன் மார்க்கெட் கழிவையும் பச்சை இறைச்சியையும் பூனைக்குப் போடாமல், வேகவைத்துக் கொடுங்கள்.

தெருநாய்களை விட்டுவிட்டு நம் வீட்டை மட்டும் காக்க முடியுமா? 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 1.80 லட்சம் தெருநாய்கள். 2025 ஆகஸ்டில் வெறிநோய்த் தடுப்பூசியோடு பூச்சி நீக்க மருந்தும் கொடுக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியது. நல்ல காரியம். உங்கள் தெருவுக்கு ஊழியர்கள் வரும்போது, தினமும் சோறு வைக்கும் நீங்கள் கூட நில்லுங்கள். உங்கள் குரலுக்குத்தான் அந்த நாய் அடங்கி நிற்கும்.

நமக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, அதன் மருத்துவமனையோடு, பக்கத்து வேப்பேரியில்தான் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் சில நிமிஷம். கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி ஞாபகம் இல்லையென்றால், இந்த வாரமே அழைத்துப் போய் எடை பார்த்து மருந்து வாங்கிக் கொடுங்கள்.